குளிர் ஊருக்குத் திரும்பும் தென்காசிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சுரண்டை, பாவூர்சத்திரம், ஆலங்குளம், சங்கரன்கோவில் என்று எந்த ஊரில் பிறந்திருந்தாலும், இன்று கனடாவின் வின்னிபெக்கிலோ சாஸ்கட்டூனிலோ ரெஜைனாவிலோ எட்மன்டனிலோ குடியிருக்கும் அண்ணாச்சிமாரே, அக்காமாரே, தம்பி தங்கச்சிமாரே,

மார்கழி விடுமுறைக்கு ஊருக்குப் போன நீங்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள். சிலர் பொங்கலை முடித்துவிட்டு வருகிறீர்கள். சிலர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது என்று பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டீர்கள். நானும் அப்படித் திரும்பியவன்தான். பெட்டியில் வந்த முறுக்கும் வத்தலும் தீர்வதற்குள் உங்களிடம் ஒரு விஷயம் பேசியாக வேண்டும். இப்போது பேசாவிட்டால் வழக்கம்போல எல்லோரும் வேலைக்குள் தலையைக் கொடுத்துவிடுவோம். அடுத்த மார்கழியும் வந்துவிடும்.

விஷயம் இதுதான்: குளிரைப் பற்றி நாம் உண்மை பேசுவதில்லை. ஊரிலும் பேசுவதில்லை, இங்கேயும் பேசுவதில்லை. அதனால் வரும் துன்பத்தை அனுபவிப்பவர்கள், நமக்குப் பின்னால் வருகிற பிள்ளைகள்.

ஊரில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். கூடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். "அங்க ரொம்பக் குளிருமாமே?" என்று சித்தி கேட்கிறாள். "வீட்டுக்குள்ள ஹீட்டர் இருக்கு சித்தி, ஒண்ணும் தெரியாது" என்கிறீர்கள். "கொடைக்கானல் மாதிரி இருக்குமோ?" என்று மாமா கேட்கிறார். "அதைவிடக் கொஞ்சம் கூட" என்கிறீர்கள். அதற்குள் போன் கைமாறுகிறது. பிள்ளைகள் பனிமனிதன் செய்கிற படம், வெள்ளையாய்க் கிடக்கும் தெரு, நீல வானம். எல்லோரும் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

கொடைக்கானலில் பூச்சியத்தை ஒட்டிப் போனாலே பத்திரிகையில் படம் போடுவார்கள். வின்னிபெக்கில் ஜனவரி மாதத்து இரவுகளின் சராசரியே மைனஸ் 20-க்குக் கீழே. 1879 டிசம்பர் 24 அன்று அங்கே மைனஸ் 47.8 பாகை பதிவாகியிருக்கிறது. இதற்கெல்லாம் "கொஞ்சம் கூட" என்று பெயர் வைத்தது நாம்.

ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று எனக்குத் தெரியும். அம்மா தூங்க வேண்டும். அப்பா நிலத்தை விற்று அனுப்பியது வீண் இல்லை என்று நம்ப வேண்டும். பெற்றவர்களிடம் சொல்கிற அந்தப் பொய்யை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பெற்றவர்கள் மட்டுமில்லை. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு பக்கத்து வீட்டுப் பையன் நிற்கிறான். இன்ஜினியரிங் முடித்தவன். அவன் அப்பா மனசுக்குள் கணக்குப் போடுகிறார். படிப்புக் கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 20,635 டாலர் கையிருப்புக் காட்ட வேண்டும் என்று 2024 ஜனவரி 1 முதல் கனடா அரசு விதித்தது. அதற்கு முன்பு அது 10,000 டாலராக இருந்தது. அதற்காக வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது. ஏஜென்ட் கொடுத்த நோட்டீஸில் சிவந்த மேப்பிள் இலையும் புல்வெளியில் சிரிக்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். பனி இல்லை. குளிரைப் பற்றி அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே சாட்சி நீங்களும் நானும்தான். நாம் சொன்னது, "பழகிடும்".

பழகிவிட்டதா? நமக்குள் பேசிக்கொள்வோம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும்போது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஒன்றரை நாள் கழித்து வின்னிபெக் விமான நிலையத்துக் கதவு திறந்ததும் முதல் மூச்சிலேயே மூக்கு முடி விறைக்கிறது. முப்பது பாகையிலிருந்து மைனஸ் இருபத்தைந்துக்கு உடம்பைத் தூக்கி எறிந்திருக்கிறோம். இன்ஜின் உறைந்துவிடாமல் இருக்கக் காரை மின்வயரில் செருகி வைத்திருந்தால்தான் அது கிளம்பும். தென்காசி பூமத்திய ரேகைக்கு 9 பாகை வடக்கே இருக்கிறது. ஆனிக்கும் மார்கழிக்கும் பகல் நேரத்தில் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். வின்னிபெக் 50 பாகையில் இருக்கிறது. ஜூனில் 16 மணி நேரம் வெளிச்சம், டிசம்பரில் வெறும் 8 மணி நேரம். காலை வேலைக்குப் போகும்போது இருட்டு, திரும்பும்போதும் இருட்டு.

உடம்பு ஒரு வாரத்தில் சமாளித்துவிடும். மனசு? ஊரிலிருந்து வந்த பெட்டியைப் பிரிக்காமலே மூலையில் வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? வின்னிபெக்கில் ராத்திரி எட்டு மணி என்றால் ஊரில் மறுநாள் காலை ஏழரை. அம்மா வாசல் தெளித்து முடித்திருப்பாள், தெருவில் பால்காரர் சத்தம் போனில் கேட்கும். பேசி முடித்து வைத்ததும் வீடு அப்படியே அடங்கிப்போகும். அதை "ஜெட் லாக்" என்று சொல்லி நாம் தள்ளிவிடுகிறோம். பதினொன்றரை மணி நேர வித்தியாசம் சில நாளில் சரியாகிவிடும். தை முடிந்து மாசி பிறந்த பிறகும் தூக்கம் தூக்கமாக வருவதும், சாப்பாட்டு ஆசை கூடுவதும், யாரிடமும் பேசப் பிடிக்காமல் போவதும் ஜெட் லாக் இல்லை. வெளிச்சம் குறைந்த மாதங்களில் வருகிற இந்த மனச்சோர்வை 1984-இல் நார்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு நோயாகவே விவரித்து எழுதினார்கள். அதற்கு வெளிச்சச் சிகிச்சை உண்டு, மருந்து உண்டு, பேசித் தீர்க்கிற வழியும் உண்டு. நம் வீடுகளில் அதற்குக் கிடைக்கிற ஒரே பெயர் சோம்பேறித்தனம்.

வைட்டமின் டி விஷயமும் இதே கதைதான். இந்த உயர் அட்சரேகையில், கார்த்திகை தொடங்கி மாசி வரைக்கும் படுகிற வெயிலில் தோல் வைட்டமின் டி-யைத் தேவையான அளவு உண்டாக்குவதில்லை. நம்மைப் போன்ற கருத்த தோலுக்கு இன்னும் கூடுதலான வெயில் வேண்டும். அதனால்தான் கனடாவில் பாலில் அதைச் சேர்த்தே விற்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பால் குடிக்காத பிள்ளைக்கு யார் சொல்வது? "எலும்பு வலிக்கி அண்ணாச்சி" என்று வேலைக்கு நடுவில் ஒரு பையன் சொன்னால், "குளிர்ல அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம்.

இத்தனையும், வேலையும் காரும் குடும்பமும் பல குளிர்காலங்களின் அனுபவமும் இருக்கிற நமக்கு. ஜனவரி மாதச் சேர்க்கைக்கு முதன்முறையாக வந்து இறங்குகிறவனை நினைத்துப் பாருங்கள். ஊரில் வாங்கிய ஜெர்கின், அம்மா கொடுத்த குரங்குக் குல்லா, கேன்வாஸ் ஷூ. இருப்பிடம் ஒரு பேஸ்மென்ட் அறை. பஸ் நிறுத்தத்தில் நிற்கிறான். பஸ் பத்து நிமிடம் தாமதம். காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 40-ஐத் தொட்டால், மூடாத தோல் 5 முதல் 10 நிமிடத்துக்குள் உறைந்துவிடக்கூடும் என்று கனடா வானிலைத் துறை எச்சரிக்கிறது. அவனுக்கு அது தெரியாது. விரல் வலித்துக்கொண்டிருந்தது, இப்போது வலி நின்றுவிட்டது, நல்லதாய்ப் போயிற்று என்று நினைக்கிறான். வலி நிற்பதுதான் ஆபத்து என்று அவனுக்குச் சொன்னவர்கள் யாரும் இல்லை.

இந்த இடத்தில் உங்களிடம் குற்றாலத்தைப் பற்றிப் பேச வேண்டும். அருவிக்கரையில் வளர்ந்தவர்கள் நாம். ஆனியில் தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரலைக் கொண்டுவந்து சேர்க்கும். வெளியூர்க்காரர்கள் வண்டி வண்டியாக வருவார்கள். கார்த்திகையில் ஐயப்ப சாமிமார் வருவார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவிக்குக் கீழே நிற்பார்கள். கீழே நிற்பவனுக்குத் தலைக்கு மேல் விழுகிற தண்ணீர் தெரியும்; செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் மேலே மலைக்குள் என்ன மழை பெய்கிறது என்று தெரியாது. நமக்குத் தெரியும். அதனால் முன்பின் தெரியாதவனாக இருந்தாலும் சொல்வோம்: "ஏ தம்பி, தண்ணி கலங்குது பாரு. சருகும் குச்சியும் வருது பாரு. வெளிய வா, யோசிக்காத." அவன் எந்த ஊர், என்ன சாதி, எவ்வளவு பணம் வைத்திருக்கிறான் என்று கேட்டுவிட்டா சொன்னோம்? அருவியை அறிந்தவன் அறியாதவனுக்குச் சொல்ல வேண்டும். யாரும் நமக்கு வகுப்பு எடுத்துச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டோம்.

அந்தச் சொல் கிடைக்காத இடத்தில் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்த கூட்டம் அலறி ஓடியது. 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். அன்று ஊரே அழுதது. முன்கூட்டியே எச்சரித்திருக்க வேண்டும் என்று எல்லோரும் கோபப்பட்டோம். நியாயமான கோபம்.

அதே கோபம் நமக்கு மனிடோபாவில் ஏன் வரவில்லை? 2022 ஜனவரி 19 அன்று வின்னிபெக்குக்குத் தெற்கே, எமர்சன் ஊருக்குப் பக்கத்தில், அமெரிக்க எல்லைக்கு 12 மீட்டர் தூரத்தில் நான்கு உடல்கள் உறைந்து கிடந்தன. கணவன், மனைவி, 11 வயது மகள், 3 வயது மகன். குஜராத்தின் டிங்குச்சா கிராமத்துக் குடும்பம். காற்றோடு சேர்ந்து மைனஸ் 35-ஐ ஒட்டிய குளிரில், இரவில், பனிவெளியில் நடந்தே எல்லையைக் கடக்கச் சொல்லி ஆள் கடத்துகிறவர்கள் அவர்களை அனுப்பினார்கள். அந்த வழக்கில் 2024 நவம்பரில் மினசோட்டா நீதிமன்றத்தில் இருவர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சட்டத்தை மீறிப் போனார்கள் என்று சொல்லி நம்மில் பலர் அந்தச் செய்தியைக் கடந்துவிட்டோம். போனது தவறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுப் பிள்ளையோடு அந்த இரவில் நடக்கலாம் என்று ஒரு தகப்பன் எப்படி நம்பினான்? அந்தக் குளிர் எப்படி இருக்கும் என்பது அவன் கற்பனைக்கே எட்டவில்லை. அவன் ஊரிலும் ஒரு கூடம் இருந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ அங்கே உட்கார்ந்து பனிப் படங்களைக் காட்டியிருப்பார்கள்.

நம்மவர்கள் சிலர் சொல்கிற பதில் எனக்குத் தெரியும். "நாங்க வந்தப்போ யார் சொன்னா? பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். அவங்களும் படட்டும்." 1998-இல் மனிடோபா, குடியேறுபவர்களைத் தேர்ந்தெடுக்கத் தன் சொந்த மாகாணத் தெரிவுத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு வந்த முதல் கூட்டத்தில் இருந்தவர்கள் இப்படிச் சொன்னால், அவர்கள் பட்ட பாட்டுக்காக நான் தலைவணங்குகிறேன். ஆனால் குற்றாலத்தில் யாராவது, "நான் வெள்ளத்தில் அடித்துப் போய்த்தான் கற்றுக்கொண்டேன், நீயும் போ" என்று சொல்வார்களா?

இன்னொரு பதிலும் உண்டு. "பயமுறுத்தினா யாரும் வரமாட்டாங்க." வரட்டும், வராமல் போகட்டும், தெரிந்து முடிவெடுக்கட்டும். குற்றாலத்துக்கு வராதே என்று நாம் யாரிடமும் சொல்வதில்லை. இன்று பேரருவி வேண்டாம், ஐந்தருவிக்குப் போ, புலியருவியில் பிள்ளைகளைக் குளிப்பாட்டு என்று வழி சொல்கிறோம். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் நில் என்கிறோம். இங்கேயும் அது போதும். இந்தக் குளிர் ஊரில் நல்லதும் இருக்கிறது. மைனஸ் முப்பதிலும் வானம் நீலமாக இருக்கும், வெயில் கண்ணைக் கூசும். உறைந்த ஆற்றின் மேல் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்கள். கார் கிளம்பாமல் நின்றால் முகம் தெரியாதவர் வயரை எடுத்துக்கொண்டு ஓடிவருவார். இந்த ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் குளிரைச் சொல்லிச் சொல்லியே வாழ்கிறவர்கள். அவர்கள் நமக்குச் சொன்னதை நாம் நம் பிள்ளைகளுக்குக் கடத்தவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஒரு மனக்குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேஸ்மென்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கரண்டு பில் கூடும் என்று ஹீட்டரைக் குறைத்து வைக்கிறவர்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை; அது அவர் மனமிரங்கிச் செய்யும் தயவு இல்லை. புதிதாக வந்தவனுக்கு அது தெரியாது என்பதால் அவனை நடுங்கவிடுவது நம்மவர்க்கு அடுக்குமா? ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ் இல்லாத நேரத்தில், பக்கத்துத் தெருவிலேயே குடியிருக்கும் பையனை நடந்து போகவிட்டுக் காரில் ஏறிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஊரில் மழைக்கு ஒதுங்கியவனுக்கு நாற்காலி எடுத்துப் போடுகிற வீட்டில் பிறந்தவர்கள் நாம்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன்.

முதலாவது, ஊரில் இருக்கும்போது, பிள்ளையை அனுப்பப் போகிற வீடுகளில் உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் அம்மாவிடம் எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, கனமான கோட்டு, பூட்ஸ், கையுறைக்கு இவ்வளவு பணம் ஒதுக்கு, அதை இங்கே வாங்காதே, அங்கே வந்து வாங்கு என்று சொல்லுங்கள். முடிந்தால் ஜனவரியை விட்டுச் செப்டம்பர் சேர்க்கைக்கு வரச் சொல்லுங்கள். இலையுதிர்காலத்தில் வருகிற உடம்புக்குக் குளிர் கொஞ்சம் கொஞ்சமாக அறிமுகமாகும்.

இரண்டாவது, இப்போதே வந்து இறங்கியிருக்கிற ஒரு பிள்ளையை நீங்கள் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரை மட்டும். உங்கள் வீட்டு அலமாரியில் பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன கோட்டு தொங்குகிறது, எடுத்துக் கொடுங்கள். முதல் சனிக்கிழமை கடைக்குக் கூட்டிப் போங்கள். சொல்ல வேண்டியது நீளமில்லை. உள்ளே பருத்தி வேண்டாம், வியர்த்தால் அது ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். கம்பளியோ செயற்கை நூலோ போடு. ஒரு தடித்த துணியைவிட மூன்று அடுக்கு நல்லது. விரல் பிரிந்த கையுறையைவிட விரல்கள் சேர்ந்திருக்கும் கையுறை சூடு தரும். காதையும் மூக்கையும் மூடு. நம் தோலில் சிவப்பு தெரியாது; உணர்ச்சிதான் அடையாளம். விரலில் உணர்ச்சி போனால் உடனே எந்தக் கட்டிடத்துக்குள்ளாவது போ. தேய்க்காதே, அடுப்பில் காட்டாதே. வெதுவெதுப்பான தண்ணீரில் வை, பிறகு மருத்துவரைப் பார். கார் பனியில் சிக்கினால் இறங்கி நடக்காதே. புகைக்குழாயை அடைத்த பனியை எடுத்துவிட்டு, அவ்வப்போது மட்டும் இன்ஜினை ஓடவிட்டு உள்ளேயே இரு, 911-ஐக் கூப்பிடு.

மூன்றாவது, ஊருக்குப் போய் வந்த முதல் மாதத்தில் நாம் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வோம். "எப்படி இருக்கீங்க" என்று கேட்டு, "நல்லா இருக்கோம்" என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளாமல், சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். பொங்கல் விழாவை ஒரு அரங்கில் நடத்திவிட்டுப் போட்டோ எடுத்துக் கலைந்துவிடாதீர்கள். யாரெல்லாம் வரவில்லை என்று பாருங்கள். வராதவர் வீட்டுக்கு மறுநாள் போங்கள். யாராவது வாழ்க்கையே வேண்டாம் என்கிற மாதிரிப் பேசினால் அறிவுரை சொல்லாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். 2023 நவம்பர் 30 முதல் கனடா முழுவதும் 988 என்ற எண் இருக்கிறது. எந்த நேரத்திலும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். ஆங்கிலம் திக்கினால் பக்கத்திலிருந்து நீங்கள் பேசுங்கள்.

இதற்கெல்லாம் சங்கம் தொடங்க வேண்டாம், தலைவர் தேர்தல் வேண்டாம், மேடை வேண்டாம். தென்காசி மாவட்டமே 2019-இல்தான் பிறந்தது. அதற்கு முன்பும் நாம் ஒருவருக்கொருவர் ஊர்க்காரர்களாகத்தான் இருந்தோம். ஒரு போன், ஒரு கோட்டு, ஒரு சனிக்கிழமை. இவ்வளவுதான் கேட்கிறேன்.

அருவிக்கரையில் நாம் உள்ளூர்க்காரர்கள் என்பதால் சொன்னோம். இந்தப் பனியிலும் இப்போது நாம்தான் உள்ளூர்க்காரர்கள். இந்த வாரம் உங்கள் பக்கத்தில் புதிதாக வந்திருக்கிற பிள்ளை யார் என்று விசாரியுங்கள். அவனுக்கோ அவளுக்கோ இன்று இரவே போன் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு திரும்பிவந்த ஊர்க்காரன்,
வின்னிபெக்